கடந்த காலம் பொய்க்கட்டும்

லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரிக்கு எழுபதுகளின் இறுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பேர் விண்ணப்பித்தார்கள். யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று முடிவுசெய்ய, வந்து குவிந்த படிவங்களை எல்லாம் ஆசிரியர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். சலிப்பான வேலை. படிப்பவர் மாறினால் தீர்ப்பும் மாறுகிறதே என்ற மனக்குறை வேறு. மாணவர் சேர்க்கையைக் கவனித்துவந்த டாக்டர் ஜெஃப்ரி ஃபிராங்ளன் இதற்கென்று ஒரு கணினி நிரல் எழுதினார். தேர்வாளர்கள் இதுவரை எப்படி முடிவெடுத்தார்களோ அப்படியே நிரலும் முடிவெடுக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு. 1979இல் நிரல் தயாரானது. அதன் முடிவுகளையும் மனிதர்களின் முடிவுகளையும் அருகருகே வைத்துச் சில ஆண்டுகள் சோதித்தார்கள். நூற்றுக்கு 90 முதல் 95 வரை ஒத்துப்போயிற்று. 1982 முதல் எல்லா விண்ணப்பங்களின் முதல் சுற்றையும் நிரலே பார்த்துக்கொண்டது.

படிவத்தில் இனம் கேட்கப்படவில்லை. பெயரையும் பிறந்த இடத்தையும் வைத்து ஐரோப்பியர், மற்றவர் என்று நிரல் பிரித்துக்கொண்டது. ஐரோப்பியப் பெயர் இல்லாதவருக்கு 15 புள்ளிகள் குறைந்தன. பெண்களுக்குச் சராசரியாக 3 புள்ளிகள். அதே கல்லூரியில் பணியாற்றிய ஜோ கோலியர், ஆக்ரே பர்க் என்ற இரண்டு மருத்துவர்கள் 1986இல் இதைப் பிரிட்டனின் இனச் சமத்துவ ஆணையத்திடம் கொண்டுசென்றார்கள். ஆண்டுக்கு 60 பேர்வரை இனத்தாலோ பாலினத்தாலோ மட்டுமே நேர்காணல் வாய்ப்பை இழந்திருக்கக்கூடும் என்று ஆணையம் 1988இல் கண்டது.

இதைச் சொல்லும்போது பெரும்பாலும் அந்த 15 புள்ளிகளைத்தான் சொல்கிறோம். என் கண்ணில் உறுத்துவது அந்த 90, 95. நிரல் வெற்றிபெற்றுவிட்டது என்பதற்குச் சான்றாக அவர்கள் காட்டியது அந்த எண்ணைத்தான். பழைய முடிவுகளோடு ஒத்துப்போவதே சரியாக இருப்பது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய முடிவுகள் சரியா என்ற கேள்வி சோதனையில் எங்குமே எழவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டனின் மற்றப் பல மருத்துவக் கல்லூரிகளைவிட செயின்ட் ஜார்ஜில் ஐரோப்பியர் அல்லாத மாணவர்கள் அதிகமாகவே இருந்தார்கள். மற்றக் கல்லூரிகளில் பாரபட்சம் தேர்வாளரின் மனதுக்குள் இருந்தது. இங்கே அது நிரலில் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டதால் பிடிபட்டது.

ஃபிராங்ளன் கையால் செய்ததை இன்று இயந்திரக் கற்றல் தானாகச் செய்கிறது. பழைய முடிவுகளைக் கொட்டிக்கொடுத்தால் அவற்றுக்குள் ஓடும் ஒழுங்கைத் தானே கண்டெடுத்து, புதிதாக வரும் ஒருவருக்குப் பொருத்திப் பார்த்து ஒரு மதிப்பெண் சொல்லும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கணினி அறிவியல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு 2013 வாக்கில் இப்படி ஒரு முறை வந்தது. முந்தைய ஆண்டுகளில் சேர்க்கைக் குழு யாரை எடுத்தது, யாரை விட்டது என்பதே அதற்குப் பாடம். விண்ணப்பங்களைப் படிக்கும் நேரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மிச்சமானது என்று அதை உருவாக்கியவர்கள் எழுதினார்கள். 2020இல் கைவிட்டார்கள். நேரம் மிச்சமானது உண்மை என்றே நம்புகிறேன். வருகிற ஆண்டுகளில் நம் ஊர்க் கல்வி உதவித்தொகைப் பிரிவுகளின் வாசலுக்கும் இதே வாக்குறுதியோடுதான் இந்த மென்பொருள்கள் வரும். அதற்கு முன்பாகவே யோசித்துவிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மருத்துவச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் ஒரு அடிப்படை வேறுபாடு உண்டு. சேர்க்கையில் இருக்கும் இடங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரு குடும்பத்தில் இதுவரை நடந்துவந்தது இனியும் நடக்கக்கூடாது என்பதற்காகத் தரப்படுவது உதவித்தொகை. தாத்தா படிக்கவில்லை, அப்பா எட்டாவதோடு நின்றுவிட்டார், அக்கா பத்தாவதில் நின்றாள், ஆகவே இவளும் நிற்பாள் என்பதுதான் புள்ளிவிவரம் சொல்லும் கணிப்பு. அந்தக் கணிப்பைப் பொய்யாக்கத்தான் அரசு பணம் கொடுக்கிறது. 1944இல் தொடங்கி இன்றுவரை தொடரும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் பொருளே அதுதான். கடந்த காலம் தொடரும் என்ற நம்பிக்கையில்தான் இயந்திரக் கற்றல் வேலை செய்கிறது. அந்த நம்பிக்கை இல்லாமல் அதற்கு ஒரு அடியும் எடுத்துவைக்க முடியாது. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும்போது எது எதற்கு வளைந்துகொடுக்கும் என்பதே என் கவலை.

அதிகாரிகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வரிசை நிற்கும். விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும், அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு வட்டாட்சியருக்கு. அறுவடைக்கும் நாற்றுநடவுக்கும் கூலிக்குப் போகிற ஒருவரின் ஆண்டு வருமானத்தை இந்த மூவரில் யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அவராலேயே சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு எண் எழுதியாக வேண்டும். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வருமானச் சான்றுகளில் 72,000 என்ற எண் திரும்பத்திரும்பத் தென்பட்டதற்குக் காரணம், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு அப்போது 72,000 ரூபாயாக இருந்தது. பின்னர் அந்த வரம்பு 1,20,000 ஆனது. சான்றில் இருப்பது குடும்பத்தின் வருமானம் என்று எந்திரம் நம்பும். கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், சான்று எதற்காகக் கேட்கப்படுகிறதோ அந்தத் திட்டத்தின் வரம்புக்குள் இந்தக் குடும்பம் வரும் என்ற அவருடைய தீர்ப்புதான் அந்த எண் என்பது. அது பெரும்பாலும் நேர்மையான தீர்ப்புதான். ஆனால் அதை அளவீடாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பிழைதான் கிடைக்கும். லட்சக்கணக்கான சான்றுகளைச் சேர்த்துவிட்டால் பிழை கரைந்துவிடும் என்பதற்கும் வழியில்லை. எல்லாச் சான்றும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன.

மோசடியும் உண்மை. சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகையில் 2023இல் வெளிவந்த ஊழலை எடுத்துக்கொள்வோம். ஒன்றிய அரசு சோதித்த 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை அல்லது செயல்படாதவை. 2017 முதல் 2022 வரையில் 144.83 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டு வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் கொடுத்தார்கள். இல்லாத கல்லூரியில் இல்லாத மாணவர்களின் பெயரில் பணம் போனது. இதைக் கண்டுபிடிக்க எந்திரம் நன்றாகவே உதவும். நூறு பேர் தங்க இடமில்லாத விடுதியில் ஐநூறு மாணவர்கள் பதிவாகியிருந்தால் கணினி ஒரு நொடியில் காட்டிவிடும். ஆனால் இப்படி ஒரு ஊழல் வெளியானதும் அடுத்து என்ன நடக்கிறது? சரிபார்ப்பு கூடுகிறது, அந்தச் சரிபார்ப்பின் பாரம் மாணவர் தலையில் ஏறுகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முகத்தைக் காட்டிப் பதிவுசெய்ய வேண்டும் என்ற நடைமுறை வந்துவிட்டது. திருடியது நிறுவனம், கேமராவுக்கு முன்னால் நிற்பது பதினேழு வயதுப் பிள்ளை.

சந்தேகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கு நெதர்லாந்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே கல்வி உதவித்தொகையைக் கவனிக்கும் அரசு நிறுவனத்தின் பெயர் டுவோ. பெற்றோர் வீட்டில் இருந்து படிப்பவருக்கு ஒரு தொகை, தனியாக அறை எடுத்துத் தங்கிப் படிப்பவருக்கு அதைவிடக் கூடுதல் தொகை. வீட்டிலேயே இருந்துகொண்டு வெளியே தங்குவதாகச் சிலர் பொய் சொல்கிறார்கள் என்பது புகார். 2012 முதல் டுவோ இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அபாய மதிப்பெண் போட்டது. அதற்கு அடிப்படை மூன்று செய்திகள். என்ன படிப்பு: தொழிற்கல்வி படிப்பவருக்கு அபாயம் அதிகம், பல்கலைக்கழக மாணவருக்குக் குறைவு. வயது: இளையவர் என்றால் அதிகம். பெற்றோர் வீட்டுக்கும் மாணவர் தங்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம்: கிட்டத்தில் இருந்தால் அதிகம். மதிப்பெண் கூடியவர்களிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு ஆய்வாளர்களை அனுப்பினார்கள். மாணவர் உண்மையிலேயே அங்கே வசிக்கிறாரா என்று அறையைப் பார்த்து, கேள்வி கேட்டு முடிவுசெய்தார்கள். வசிக்கவில்லை என்று ஆய்வாளர் எழுதிவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதன்மேல் அபராதமும் கட்ட வேண்டும்.

மூன்று செய்திகளில் எதிலாவது இனமோ மதமோ நாடோ இருக்கிறதா? இல்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் துருக்கி, மொராக்கோ, சுரினாம் போன்ற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்கல்வியில் அதிகம். அவர்கள் பெற்றோர் வீட்டுக்கு அருகிலேயே, பெரும்பாலும் அதே நகரத்திலேயே, அத்தை வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ தங்குவதும் அதிகம். டச்சுக் குடும்பத்தின் பிள்ளை வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். ஆகவே மூன்றையும் கூட்டினால் கிடைத்தது குடியேறியவர்களின் பட்டியல். 2023 ஜூனில் செய்தியாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்தபோது, வழக்கறிஞர்களிடம் வந்த மாணவர்களில் ஏறத்தாழ அனைவருமே குடியேறிய குடும்பத்தினர் என்று தெரிந்தது. டுவோ அந்த முறையை நிறுத்திவைத்தது. விசாரணை நடந்தது. 2024 மார்ச்சில் கல்வி அமைச்சர் ராபர்ட் டைக்ராஃப், அவரே ஒரு பெயர்பெற்ற இயற்பியலாளர், இது மறைமுகமான பாகுபாடு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு நவம்பரில், 10,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர 61 மில்லியன் யூரோ ஒதுக்குவதாக அரசு அறிவித்தது.

டுவோவின் மதிப்பெண் முறை, தரவிலிருந்து தானே கற்றுக்கொண்ட கணிப்பு மாதிரி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அலுவலர்கள் தங்கள் அனுபவத்தில் எழுதிவைத்த புள்ளிகள் அவை. ஆகவே இயந்திரக் கற்றலை ஆதரிக்கிறவர்கள், உண்மையான தரவிலிருந்து கற்றிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பார்கள். எனக்கு அது ஏற்கத் தக்கதாகத் தோன்றவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக யாருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்களோ அவர்களிடம்தான் மோசடி கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். தட்டாத கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பதிவேட்டில் இராது. அந்தப் பதிவேட்டை எந்திரத்திடம் கொடுத்துக் கற்கச் சொன்னால், அதே கதவுகளை இன்னும் உறுதியாகக் காட்டும். அலுவலரின் ஊகமாக இருந்தது தரவின் முடிவு என்ற புதுப் பெயரோடு திரும்பி வரும்.

கேட்காத ஒன்றை மற்றத் தகவல்களிலிருந்து ஊகித்துவிடுவது தமிழ்நாட்டில் இன்னும் எளிது. சாதி என்ற கட்டத்தை நீக்கிவிட்டோம் என்று ஒரு நிறுவனம் பெருமையாகச் சொல்லலாம். நம் ஊர் முகவரிகளுக்குச் சாதி தெரியும். அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அஞ்சல் குறியீடு, படித்த தொடக்கப்பள்ளி, அப்பாவின் தொழில், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை வைத்தே எந்திரம் அந்தத் தெருவுக்கு வழி கண்டுபிடித்துவிடும். கட்டத்தை நீக்குவதால் நேரும் ஒரே மாற்றம், யார் விலக்கப்பட்டார்கள் என்று பின்னால் எண்ணிப் பார்க்க முடியாமல் போவது. நெதர்லாந்தில் டுவோவிடம் மாணவர்களின் பூர்வீகம் பற்றிய பதிவு இல்லை. நாட்டின் புள்ளியியல் துறையிடம் இருந்த தகவலோடு பொருத்திப் பார்த்த பிறகே பாகுபாட்டை எண்ணில் நிறுவ முடிந்தது. சாதியைக் கேட்டு எழுதிக்கொள்ளும் நம் படிவங்களை நான் இந்த ஒரு காரணத்துக்காகவும் ஆதரிப்பேன்.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கங்களிலிருந்து பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குப் புறப்படுகின்றன. சேம்பர் வேலை என்பார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அல்லது மூத்த பெண்ணைப் பாட்டியிடம் விட்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்கள். எப்படியானாலும் ஜனவரிக்குப் பிறகு அவளுடைய வருகைப் பதிவு விழும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் தினமும் ஏறும் வருகையில் அது தெளிவாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் எட்டாம் வகுப்பிலேயே தேறியவள். மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 1,00,000 பேர், தமிழ்நாட்டுக்கு 6,695 பேர் என்ற ஒதுக்கீட்டில் ஒருத்தி. எட்டாவதுக்குப் பிறகு பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே 2008இல் கொண்டுவரப்பட்ட திட்டம் அது.

இந்தப் பெண்ணைப் பற்றி எந்திரத்திடம் கேட்டால், படிப்பை நிறுத்திவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்று சொல்லும். சரியாகவே சொல்லும். அந்த எண் இரண்டு விதமான அதிகாரிகளின் கைக்குப் போகலாம். ஒருவர், நிற்கப்போகிற பிள்ளைக்குக் கொடுத்துப் பணத்தை வீணாக்குவதைவிட நிலைத்துப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்பார். மற்றவர், இவளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், தம்பியை விடுதிப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பார். கணக்கு ஒன்றுதான், பிழை விகிதம் ஒன்றுதான். இருவரில் யார் செய்வது நியாயம் என்பதை எந்திரத்தால் சொல்ல முடியாது, அதை இன்னும் கூர்மையாக்கினாலும் முடியாது. ஆனால் மென்பொருளை வாங்கும்போது ஒப்பந்தத்தில் என்ன எழுதுவார்கள்? முதலீட்டுக்குப் பயன், தொடர்ந்து படிப்போர் விகிதம், தேர்ச்சி விகிதம். அந்த வரிகள் முதல் அதிகாரியைத்தான் உருவாக்கும். இன்று நம்மிடம் இருக்கும் விதிகளிலும் அவர் இருக்கிறார். 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் உதவித்தொகை என்ற நிபந்தனையை எழுதியபோது ஏழை வீட்டுப் பிள்ளை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் அதிகாரியின் கையில் கொடுத்தாலும் முழு நிம்மதி கிடைத்துவிடாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், பள்ளியை முடிக்காமல் போகக்கூடிய மாணவர்களை முன்கூட்டியே கண்டறிய 2012 முதல் ஒரு கணிப்பு முறையைப் பயன்படுத்துகிறது. உதவுவதற்காகத்தான். பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தவர்கள், அதிக அபாயம் என்று குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் படிப்பை உரிய காலத்தில் முடித்துவிட்டதைக் கண்டார்கள். கறுப்பின, லத்தீன் மாணவர்கள் மேல் இந்தத் தவறான முத்திரை அதிகமாக விழுந்திருந்தது. குறிக்கப்பட்டதால் யாருடைய தேர்ச்சியும் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. முத்திரையோடு பணமும் ஆளும் போகவில்லை என்றால் வேறென்ன நடக்கும்?

ராமானுஜனைப் பற்றி இந்த இடத்தில் எவரும் நினைப்பார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்து, ஆங்கிலத்தில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தவர். பிறகு துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர். பட்டம் இல்லாத அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர சென்னைப் பல்கலைக்கழகத்தின் விதிகளில் இடமில்லை. விதியை மீறி 1913 மே முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு, கொடுத்தார்கள். எந்த மாதிரியும் அவரைத் தேர்ந்தெடுத்திருக்காது என்பது மெய். ஆனாலும் அவரை வாதத்துக்கு இழுப்பதில் எனக்கு விருப்பமில்லை. மேதை தவறவிடப்படுவான் என்று பயந்து வாதாடினால், மேதை இல்லாதவர்களைத் தவறவிட்டால் பரவாயில்லை என்றாகிவிடும். சேம்பருக்குப் போகிற குடும்பத்துப் பெண் கணித மேதையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு செவிலியராகவோ கூட்டுறவு வங்கியில் எழுத்தராகவோ ஆனால் போதும். அவளுக்கு உதவித்தொகை உரிமை.

உரிமை என்று வந்துவிட்டால் மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில், பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிர்வாக முடிவுகளின் காரணத்தைச் சொல்வது பொது அதிகார அமைப்பின் கடமை என்று எழுதியிருக்கிறது. கேட்காமலேயே சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சான்று தர மறுத்தால் எதனால் என்று கேட்டு வட்டாட்சியரிடம் போகலாம். நிலம் இருக்கிறது என்கிறாரா, அது தாத்தா பெயரில் இருக்கும் தரிசு என்று பட்டாவைக் காட்டலாம். உன் மதிப்பெண் 0.43, எல்லை 0.45 என்று ஒரு திரை சொன்னால் அந்த மாணவி எதைக் காட்டி வாதாடுவாள்? முன்னூறு காரணிகளின் எடைகளைக் கூட்டிக் கிடைத்த எண்ணுக்குக் காரணம் என்று ஒன்று தனியாக இல்லை. அதை இயக்கும் அலுவலருக்கும் தெரியாது. தெரியாததால் அவர் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: சிஸ்டம் எடுக்கவில்லை. உதவித்தொகை வராத மாணவர்கள் இந்த இரண்டு வார்த்தைகளை ஏற்கனவே கேட்டுப் பழகியிருக்கிறார்கள். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் வேறு எழுத்துக்கூட்டல். இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். குடும்பப் பெயர் இல்லாத நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, வெவ்வேறு துறைகளின் பட்டியல்களில் ஒரே ஆள் என்று இணைக்கச் சொன்னால் தவறுகள் வரிசையாக வரும்.

அப்படி இணைத்துப் பார்த்த தெலங்கானாவின் அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. சமக்ர வேதிகா என்ற தரவு இணைப்பு முறை, பல துறைகளின் பதிவுகளைச் சேர்த்து, இந்தக் குடும்பத்துக்குக் கார் இருக்கிறது, இந்தக் குடும்பத்துக்குச் சொத்து இருக்கிறது என்று சொன்னது. அதை நம்பி ரேஷன் அட்டைகள் மறுக்கப்பட்டன. ஒரு குடும்பத்தின் விஷயத்தில், கார் இருந்தது ஏறத்தாழ அதே போன்ற பெயருள்ள வேறு ஒருவருக்கு. மாநிலத்தில் ரத்தான பல லட்சம் அட்டைகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கல்வி நிலையத்தில் இடம் தருவதையும் அரசு உதவிக்குத் தகுதியை முடிவுசெய்வதையும் உயர் அபாயம் கொண்ட பயன்பாடுகளாக வகைப்படுத்தியிருக்கிறது. நம்மிடம் இப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உதவித்தொகை வழங்கும் துறை ஓர் அரசாணையில் இதை எழுதிவிடலாம்: கொடுக்கலாம் என்று எந்திரம் சொன்னால் உடனே கொடுக்கலாம். வேண்டாம் என்று அது சொல்லக் கூடாது. மறுப்பு எதுவானாலும் பெயரும் பதவியும் உள்ள ஒருவர், தமிழில், மாணவர் மறுத்துப் பேசக்கூடிய காரணத்தோடு கையெழுத்திட வேண்டும். இப்படிச் செய்தால் தகுதியில்லாத சிலருக்கும் பணம் போகும். போகட்டும். அந்த இழப்பைக் கணக்கிட்டுவிடலாம். தகுதியுள்ளவர் மறுக்கப்பட்டுப் படிப்பை விட்டுவிட்டால் அந்த இழப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் ஏறுவதில்லை.

தமிழ்நாட்டின் அண்மைக்காலத் திட்டங்களில் எனக்குப் பிடித்தது அவற்றின் விதி எளிமையாக இருப்பது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். வருமான வரம்பு கிடையாது. 2024இல் ஆண் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே வழியில் வந்தது. அரசுப் பள்ளியில் ஏழு ஆண்டுகள் படித்தது என்பதே ஏழ்மைக்குப் போதுமான சான்று என்று ஏற்றுக்கொண்ட விதி அது. எந்தப் பெண்ணும் தனக்குக் கிடைக்குமா என்று விரல்விட்டுக் கணக்கிட்டுத் தெரிந்துகொள்ளலாம். கிடைக்காவிட்டால் சண்டை போடலாம். நுட்பமான மாதிரி ஒன்று இதைவிடச் சிக்கனமாகப் பணத்தைப் பங்கிடும் என்று யாராவது நிரூபித்தாலும் நான் இந்த விதியின் பக்கம்தான் நிற்பேன்.

எந்திரத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதற்குரிய வேலை, விண்ணப்பித்தவர்களைச் சல்லடையில் போட்டுச் சலிப்பது இல்லை. விண்ணப்பிக்காதவர்கள் எங்கே என்று தேடுவது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரிக்குப் போகாதவர்களை எமிஸ் பட்டியலை வைத்துத் தேடி அழைக்கும் முகாம்களை உயர்வுக்குப் படி என்ற பெயரில் நடத்துகிறார்கள். அந்தப் பட்டியல் நீளம். போய்ப் பார்க்கும் ஆசிரியர்கள் குறைவு. யார் வீட்டுக்கு முதலில் போவது, எந்த ஊரில் இந்த ஆண்டு திடீரென்று விண்ணப்பம் குறைந்திருக்கிறது, எந்தப் பள்ளியில் தேறிய பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு இணையாமல் பணம் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரு மாதிரி நன்றாகவே சொல்லும். சேம்பருக்குப் புறப்படப்போகும் குடும்பங்கள் எவை என்று முந்தைய ஆண்டுகளின் வருகைப் பதிவிலிருந்து டிசம்பரிலேயே ஊகித்து, பிள்ளைகளுக்கு விடுதி இடம் ஒதுக்கச் சொல்லலாம். இந்த வேலையில் அதன் கணிப்பு தவறினால், ஓர் ஆசிரியர் தேவையில்லாத ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்புவார். மென்பொருள் வாங்கும் கோப்பில் கையெழுத்திடும் முன், தவறு நேர்ந்தால் அதன் விலையை யார் கொடுப்பார் என்ற ஒரு பத்தியைச் சேர்க்கும்படி துறைச் செயலாளர்கள் கேட்க வேண்டும். அந்தப் பத்தியில் மாணவியின் பெயர் வந்தால் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.